நடந்துகொண்டே பணிபுரிபவர்களுக்கான வலையமைப்பு: மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மருத்துவமனைகளின் கணினி வலையமைப்புகளை அமைத்துப் பராமரிக்கும் பொறியாளன் என்ற முறையில், தங்கள் வலையமைப்பைப் புதுப்பிக்கத் தீர்மானித்து விலைப்புள்ளிகளைக் கோரியிருக்கும் நிர்வாகங்கள் அனைத்துக்கும் இம்மடலை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். புதிய வலையமைப்பை அதன் வேகத்தை மட்டும் பார்த்து ஏற்றுக்கொள்ளாதீர்கள். கையில் கருவியுடன் கட்டிலுக்குக் கட்டில், வார்டுக்கு வார்டு நடந்துகொண்டே இருக்கும் செவிலியருக்கும் மருத்துவருக்கும் இணைப்பு அறுபடாமல் கிடைக்கிறதா என்று சோதித்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.

மருந்து கொடுக்கும் நேரத்தில் ஒரு வார்டில் நின்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும். செவிலியர் தள்ளுவண்டியுடன் வந்து, நோயாளியின் கைப்பட்டையில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்கிறார். அடுத்து மருந்து உறையை ஸ்கேன் செய்கிறார். திரை அப்படியே உறைந்து நிற்கிறது. காத்திருக்க அவருக்கு நேரமில்லை. எல்லோருக்கும் மருந்து கொடுத்து முடித்துவிட்டு, வைஃபை ஒழுங்காகக் கிடைக்கும் செவிலியர் மேசைக்கு வந்து மொத்தமாகப் பதிவு செய்கிறார். சரியான நோயாளிக்குச் சரியான மருந்துதானா என்று கொடுப்பதற்கு முன்பே சரிபார்ப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு, கொடுத்த பிறகு எழுதும் பதிவேடாகிவிடுகிறது. இதற்காகச் செவிலியரைக் குறை சொல்வது நியாயமல்ல.

பழைய வலையமைப்புகள் பெரும்பாலும் மேசைக் கணினிகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. வைஃபை பின்னால் சேர்க்கப்பட்டது. தாழ்வாரக் கூரையில் வரிசையாக, வைஃபை சிக்னலைப் பரப்பும் அக்சஸ் பாயின்டுகளைப் பொருத்துவது சுலபம் என்பதால் அப்படியே பொருத்திவிடுகிறார்கள். தாழ்வாரத்தில் சிக்னல் நன்றாக இருக்கிறது. கழிப்பறைச் சுவருக்கு அப்பால் கட்டில் இருக்கும் இடத்தில் மெலிந்துவிடுகிறது. எக்ஸ்ரே அறையின் ஈயத் தகடு பதித்த சுவர்களோ சிக்னலை ஏறக்குறைய முழுதாகவே தடுத்துவிடுகின்றன. குறை சொன்னால் கூடுதல் அக்சஸ் பாயின்டுகளைப் பொருத்தி, எல்லாவற்றையும் முழு ஆற்றலில் இயக்குவார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றுதான் என்பதால், அது நெரிசலைத்தான் கூட்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல் இன்னொன்று உண்டு. ஓர் அக்சஸ் பாயின்டிலிருந்து அடுத்ததற்கு எப்போது மாறுவது என்பதைப் பெரும்பாலும் கையில் இருக்கும் கருவியே முடிவு செய்கிறது. தலைக்கு நேர் மேலே வலுவான சிக்னல் இருந்தும், கடந்து வந்த பழைய இணைப்பையே சில கருவிகள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். மாறும்போதும் அடையாளச் சரிபார்ப்பை முதலிலிருந்து செய்தால், அதற்குள் வைஃபை வழியாக நடக்கும் கைபேசிப் பேச்சு அறுந்துவிடும். இந்த மாற்றத்தை விரைவுபடுத்தும் 802.11ஆர் நெறிமுறை 2008-ஆம் ஆண்டிலேயே வெளியானது. ஆனால் வலையமைப்பும் கருவியும் இரண்டுமே அதை ஏற்றால்தான் பயன். ஆகவே, டெண்டர் எழுதுவதற்கு முன்பே உங்களிடம் உள்ள கைபேசிகள், ஸ்கேனர்கள், டேப்லெட்டுகள், மருந்தேற்றும் பம்புகள் ஆகியவை எந்தெந்த அலைவரிசைகளையும் நெறிமுறைகளையும் ஏற்கின்றன என்று பட்டியலிடச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, தவறாமல் விட்டுப்போகும் வேலை இதுதான்.

மின்சாரத்தையும் சொல்லியாக வேண்டும். மின்தடையின்போது ஜெனரேட்டர் சில நொடிகளில் இயங்கத் தொடங்கினாலும், அக்சஸ் பாயின்டுகளையும் கணினிகளையும் கேபிளால் வலையமைப்போடு இணைக்கும் சுவிட்ச் என்ற கருவி ஒரு முறை அணைந்தால் மீண்டும் முழுமையாக எழுந்து வரச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை அந்தத் தளம் முழுவதற்கும் இணைப்பு இருக்காது. சர்வர் அறைக்கு யூபிஎஸ் வாங்கும் நிர்வாகங்கள், ஒவ்வொரு தளத்திலும் பெட்டிக்குள் இருக்கும் சுவிட்சுகளை மறந்துவிடுகின்றன. புதிய அக்சஸ் பாயின்டுகளில் பல, கேபிள் வழியாகவே 30 வாட் வரை மின்சாரம் கேட்பவை, 15.4 வாட் தரும் பழைய சுவிட்சுகளோடு அவற்றை இணைத்தால் முழுத் திறனோடு இயங்கமாட்டா.

பாதுகாப்பில் சுருக்கமாக ஒன்று: மருத்துவக் கருவிகள், பணியாளர் கைபேசிகள், பார்வையாளர் வைஃபை ஆகியவற்றைத் தனித்தனிப் பிரிவுகளாக வையுங்கள். வலையமைப்பு வழியாகக் கணினிக்குக் கணினி பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் 2017 மே மாதம் தாக்கியபோது இங்கிலாந்தில் 236 தேசிய சுகாதாரச் சேவை அறக்கட்டளைகளில் (அரசு மருத்துவச் சேவைகளை நடத்தும் அமைப்புகளில்) குறைந்தது 80 பாதிக்கப்பட்டன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

புதிய கேபிள்களை இழுக்கக் கூரைப் பலகையைத் திறந்தால் தூசியும் பூஞ்சை வித்துகளும் கீழே இறங்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகளுக்கு அது ஆபத்து. எனவே, எந்த வார்டில் எப்போது வேலை நடக்கும் என்பதைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு முடிவு செய்யட்டும். ஒப்பந்ததாரரின் வசதிக்கு விட்டுவிடாதீர்கள்.

இறுதியாக ஏற்புச் சோதனை. அதை வெறும் கட்டடத்தில், ஒப்பந்ததாரரின் மடிக்கணினியை வைத்து நடத்தாதீர்கள். கட்டில்கள் நிறைந்து, கதவுகள் மூடி, பணி மும்முரமாக நடக்கும் நேரத்தில், உங்கள் செவிலியர்களே உங்கள் கருவிகளில் பேசிக்கொண்டும் ஸ்கேன் செய்துகொண்டும் வார்டிலிருந்து லிஃப்ட் வழியாக அறுவை அரங்கு வரை நடந்து பார்க்கட்டும். பேச்சு எங்கே அறுகிறது, திரை எங்கே உறைகிறது என்று அவர்கள் குறித்துத் தரும் இடங்கள் எல்லாம் சரிசெய்யப்பட்டு, அந்தந்த வார்டின் பொறுப்புச் செவிலியர் கையொப்பமிட்ட பிறகே கடைசித் தவணைத் தொகையை வழங்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருத்துவமனை வலையமைப்புப் பொறியாளர் ஒருவர்