பீட்டர் புரூக் கழற்றிப் போட்ட செட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இயக்குநர் பீட்டர் புரூக் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். மகாபாரதத்தை மேலைநாட்டு மேடைக்குக் கொண்டுபோனவர் என்று தொடங்கி, அதையே சொல்லி முடித்திருக்கிறார் கட்டுரையாளர். தப்பில்லை. ஆனால் அதற்கு முந்தைய நாற்பது வருடத்துக்கு ஒரே ஒரு பத்திதானா?

நான் இருபத்திரண்டு வருடம் சபா நாடகங்களுக்கு செட் போட்டவன். மாடிப்படி வைத்த பங்களா ஹால், போலீஸ் ஸ்டேஷன், கோயில் பிராகாரம், ஆஸ்பத்திரி வார்டு எல்லாம் தட்டியிலும் துணியிலும் என் கைபட்டு நின்றவை. எந்த நாடகக்காரரைப் பற்றிப் படித்தாலும் 'மேடையில் என்ன வைத்தார்' என்றுதான் முதலில் தேடுவேன். புரூக்கை அப்படித் தேடிப் படித்தவன் என்பதால் இந்தக் கடிதம்.

1925இல் லண்டனில் பிறந்தவர். 22 வயதில் ராயல் ஓபரா ஹவுஸில் தயாரிப்புகளுக்குப் பொறுப்பாளர் ஆகிவிட்டார். அந்த வயதில் நான் ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தேன். 1949இல் 'சலோமி' ஓபராவுக்கு மேடையும் உடையும் வடிவமைக்க அவர் கூப்பிட்டது யாரை தெரியுமா? கனவு மாதிரி விசித்திரமாக வரைகிற ஓவியர் சால்வடோர் டாலியை! ஊரே திட்டியது. ஓபரா வேலையும் அதற்கப்புறம் அதிக நாள் நீடிக்கவில்லை. ஆக, செட் என்றால் என்ன என்று தெரியாமல் 'வெற்று மேடை' பேசிய ஆள் இல்லை அவர். ஆடம்பரத்தின் உச்சியைப் பார்த்துவிட்டு இறங்கியவர்.

இறங்கிய இடம் 1962இல் பால் ஸ்கோஃபீல்ட் நடித்த ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' என்பேன். அதற்காக அவரே ஒரு செட் யோசித்து, மாதிரி செய்து வைத்திருந்தார். ஏறி இறங்கும் பாலங்கள் எல்லாம் உண்டு. ரொம்ப ஆசையாகச் செய்தது. ஒரு ராத்திரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, இந்த அழகான பொம்மையால் நாடகத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று பட்டதாம். மாதிரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட, மிஞ்சியது நன்றாக இருந்தது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. செட்காரனுக்கு இதைவிடக் கொடுமையான கதை இருக்க முடியாது. கடைசியில் புயல் காட்சிக்கு அவர் வைத்துக்கொண்டது துருப்பிடித்த பெரிய தகடுகள். மேலிருந்து இறக்கி அதிரவிட்டால் அதுவே இடி. பார்வையாளர் கண்ணெதிரே அதிரும் தகடு. நாங்களும் இடிக்குத் தகடு ஆட்டியிருக்கிறோம். ஆனால் யாருக்கும் தெரியாமல், சைடு விங்குக்குப் பின்னால் நின்று.

1970இல் ஷேக்ஸ்பியரின் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் போட்ட அவருடைய 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' இதைவிடத் துணிச்சல். நாடகம் நடப்பது காட்டில். வடிவமைப்பாளர் சாலி ஜேக்கப்ஸ் வைத்ததோ மூன்று வெள்ளைச் சுவர், பளீரென்ற வெளிச்சம். மரம் கிடையாது. மேலே நிற்பவர்கள் தூண்டில் கோலிலிருந்து சுருள் கம்பிகளைத் தொங்கவிட்டால் அதுதான் மரம். தேவதைகள் சர்க்கஸ் ஊஞ்சலில் தொங்கினார்கள். மந்திரப் பூ கேட்டால், குச்சி நுனியில் சுழலும் ஒரு தட்டு ஒருவர் கோலிலிருந்து இன்னொருவர் கோலுக்கு மாறும். பூவை அட்டையில் வெட்டிச் சாயம் பூசியிருந்தால் நாலாவது வரிசைக்கே தெரிந்திருக்காது.

அந்த வெற்றியோடு லண்டனிலேயே உட்கார்ந்திருக்கலாம். மனிதர் பாரிஸுக்குப் போய்விட்டார். பல தேசத்து நடிகர்களைச் சேர்த்து ஓர் ஆய்வு மையம் தொடங்கினார். 1971இல் ஈரானின் பெர்சிபோலிஸ் இடிபாடுகளில், கவிஞர் டெட் ஹியூஸ் புதிதாக உண்டாக்கிய மொழியில் ஒரு நாடகம். அடுத்த வருடக் கடைசியில் ஆப்பிரிக்கப் பயணம். கட்டுரையாளர் விட்டுவிட்டது இதைத்தான். அல்ஜீரியா, மாலி, நைஜர், நைஜீரியா என்று சகாராவைத் தாண்டிப் போன அந்தக் கூட்டம் கையில் கொண்டுபோன மேடை ஒரு கம்பளம். சந்தையில் விரித்தால் மேடை, சுருட்டினால் மூட்டை. அல்ஜீரியாவின் இன் சலா ஊரில் முதல் ஆட்டம். ஒருவர் தன் கனமான பூட்ஸைக் கழற்றிக் கம்பளத்தின் நடுவில் வைத்தார். அவ்வளவுதான். கூடியிருந்த ஊர் ஜனம் முழுக்க அந்தப் பூட்ஸையே பார்த்தது, அதற்கு முன் பூட்ஸைப் பார்த்ததே இல்லாத மாதிரி. டாலியில் தொடங்கிய ஆள், 23 வருடத்தில் ஒரு ஜோடி பூட்ஸுக்கு வந்து சேர்ந்தார்.

அப்புறம்தான் பாரிஸில் 'பூஃப் து நோர்'. ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், வருடக்கணக்காகப் பாழடைந்து கிடந்த அரங்கு. 1974இல் திறந்தார். கருகிய சுவருக்குச் சுண்ணாம்புகூட அடிக்கவில்லை. முன்வரிசை ஆட்களும் நடிகர்களும் ஒரே தரையில். உலக நாடகம் ஆடும் இடம் அப்படியே காரை பெயர்ந்து நின்றது.

இப்போது மகாபாரதத்துக்கு வருகிறேன். 1985 ஜூலை, பிரான்சில் ஆவினியோன் பக்கத்தில் பூல்போன் கற்குவாரி. ஒன்பது மணி நேர நாடகம். பொழுது சாயத் தொடங்கி விடியும்வரை முழுவதையும் ஒரே மூச்சில் ஆடிய இரவுகளும் உண்டு. மணல், ஒரு குளம், ஓடும் நீர், நெருப்பு. தேருக்கு ஒற்றைச் சக்கரம். துரோணராக ஜப்பானிய நடிகர் யோஷி ஒய்டா, பீஷ்மராக ஆப்பிரிக்காவின் சோதிகி குயாட்டே, திரௌபதியாக நம் மல்லிகா சாராபாய். பிறகு ஆங்கிலத்தில் உலகம் சுற்றியது. இங்கே ஒரு வேடிக்கை. பிரிட்டனில் இதை ஆடிய ஒரே ஊர் கிளாஸ்கோ. ஸ்காட்லாந்து! அதுவும் பழைய டிராம் கொட்டகையில். இங்கிலாந்துக்காரரின் மகாபாரதத்தை இங்கிலாந்து மேடை பார்க்கவில்லை. நியூயார்க்கில் ஏறக்குறைய இருபது வருடம் பூட்டிக் கிடந்த மெஜஸ்டிக் தியேட்டரைச் செப்பனிட்டார்கள். செப்பனிட்டது எப்படி? பூஃப் து நோர் மாதிரியே பழசாகத் தெரிகிறாற்போல! பழசாகத் தெரிய ஆகும் கூலி எனக்குத் தெரியும். புதுசாகக் காட்டுவதைவிட அதிகம்.

கட்டுரையாளர் எழுதியபடி 'நம் காவியத்துக்கு அவர் செய்த தொண்டு' என்பதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஒன்பது மணி நேரத்தில் கீதைக்குக் கிடைத்தது சில நிமிஷம். கண்ணன் அர்ச்சுனன் காதில் முணுமுணுக்கிறான். இந்திய நாடக விமர்சகர் ருஸ்தம் பரூச்சா இதையெல்லாம் கடுமையாக விமர்சித்து எழுதியதற்குக் கட்டுரையில் ஒரு வரியாவது இடம் கொடுத்திருக்கலாம். மண்ணிலிருந்து கதையை மட்டும் புரூக் பிடுங்கிக்கொண்டு போனார் என்பது பரூச்சா வாதத்தின் சாரம். எனக்கு அதில் பாதி சரி என்று படுகிறது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஜப்பானும் பார்த்த அந்த நாடகம் இந்திய மேடைக்கு மட்டும் வரவே இல்லை. 2021இல் புரூக்குக்குப் பத்மஸ்ரீ வந்தது. மறு வருடம் ஜூலையில், 97 வயதில், பாரிஸில் இறந்துபோனார்.

மற்ற பாதி சரியில்லை என்று ஏன் சொல்கிறேன் என்றால், ராத்திரி முழுக்க, வெட்டவெளியில், செட் இல்லாமல் பாரதம் ஆடுவது எங்கள் பக்கத்தில் அதிசயமே கிடையாது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்தால் அதுதான் திரை. படுகளத்தன்று மைதானத்தில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்துவிடுவார்கள். புரூக் டாலியையும் பாலங்களையும் கடந்து சுற்றிச் சுற்றி வந்து நின்ற இடம் கிட்டத்தட்ட அதுதான். நான் அப்படி ஒரு ஊரில் பிறந்து, அதை விட்டுவிட்டுப் பட்டணத்துக்கு வந்து தட்டி அடித்தேன். எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வந்த படத்துக்குக் கீழே 'கற்குவாரியில், 1985' என்று போட்டிருக்கிறீர்கள். அது நாடகம் இல்லை. 1989இல் வந்த சினிமா வடிவம், ஸ்டுடியோவுக்குள் எடுத்தது. சந்தேகம் இருந்தால் மல்லிகா சாராபாய்க்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். அது பாறை இல்லை. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து பூசி, கீறி, கறை ஏற்றியது. நல்ல வேலை.

இப்படிக்கு,
பழைய செட்காரர் ஒருவர்,
திருவல்லிக்கேணி.