வட்டத்துக்குள் பச்சையாய் நின்ற நாலு குத்து

அம்பாசமுத்திரம்
மார்கழி 22

அன்புள்ள சிதம்பரம்,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே பேரன் பிறந்து நாற்பது நாள் கழிந்தது. தாயும் பிள்ளையும் நலம். ஆற்றில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது. பிசானம் நட்டு, பயிர் தூர் கட்டி நிற்கிறது.

உன் வயல் சேதிதான் இரண்டு நாளாக மனசை விட்டுப் போகவில்லை. கதிர் வாங்கி நின்ற பி.பி.டி. ரக நெல் வட்டம் வட்டமாகத் தீ வைத்த மாதிரி கருகிப்போனால் பார்க்கிறவன் வயிறு என்ன பாடுபடும். மூன்று தடவை மருந்தடித்தும் கேட்கவில்லை, தூரில் இருந்து சாறு உறிஞ்சுகிற அந்தப் பூச்சியைப் பற்றி, 'புகையான் மருந்துக்குப் பழகிப்போச்சு' என்று எழுதியிருந்தாய். கடையில் அப்படித்தான் சொல்கிறார்கள், இங்கே எங்கள் ஊரிலும் அதே பேச்சு. முப்பது வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவனால் அந்த ஒரு வார்த்தையைத் தாண்டிப் போக முடியவில்லை.

பழகவில்லை, சிதம்பரம். குடித்துக் குடித்து ஒருவன் உடம்பு சாராயத்துக்குப் பழகும். ஆனால் அவன் பிள்ளை பழகிப் பிறப்பதில்லை. மருந்துக்குச் சாகிற புகையான் அன்றைக்கே செத்தது, பழக அதற்கு நேரமே கிடைக்கவில்லை. இன்றைக்கு உன் வயலில் நிற்பவை சாகாதவற்றின் வாரிசுகள். அந்தச் சாகாதவை முதல் மருந்து விழுவதற்கு முன்பே கூட்டத்துக்குள் இருந்தன.

ஒரே தாய் இடும் முட்டைகளில்கூட எல்லாம் ஒரே அச்சு இல்லை. தாயும் தகப்பனும் தரும் மரபணுக்கள் ஒவ்வொரு முட்டையிலும் புதிதாகக் கலைத்துப் போடப்படுகின்றன. அதோடு, மரபணுவைப் படியெடுக்கும்போது எப்போதாவது ஒரு பிழை விழும். பெரும்பாலும் அதனால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. புகையானின் உடம்பில் விஷத்தை உடைத்துச் செரிக்கும் நொதிகள் உண்டு. இமிடாகுளோபிரிட் மருந்தை ஆசியா முழுக்கத் தெளித்துக் கொஞ்ச காலத்தில், 2003, 2005 வாக்கில், பல நாடுகளில் அது கேட்காமல் போனது. பிறகு ஆராய்ந்து பார்த்தபோது, தப்பிய பூச்சிகளில் அப்படி ஒரு நொதிக்கான மரபணு இரட்டித்திருந்தது. இரண்டில் ஒன்று மாறி, அந்த மருந்தை உடைக்கும் வேலையில் தேர்ந்திருந்தது. மருந்து அந்தப் பிழையை உண்டாக்கவில்லை. பிழை உள்ளதை மட்டும் மிச்சம் வைத்தது.

ஒரு பேச்சுக்கு, லட்சம் பூச்சியில் பத்துதான் அப்படிப்பட்டவை என்று வை. மருந்தடித்தாய். பத்தும் மிஞ்சின. சுற்றிலும் பயிர் அப்படியே நிற்கிறது, போட்டிக்கு ஆள் இல்லை. ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை. இரண்டாவது மருந்தும் அதே மருந்து. ஊர் முழுக்க எல்லோரும் அதையே அடிக்கிறோம், இதுவோ காற்றோடு பறந்து நெடுந்தூரம் போகிற பூச்சி. உன் ஒருவன் மேல் பழி போடாதே. நாம் எல்லோருமாகச் சேர்ந்து சலித்த சல்லடை அது.

இதில் என்னைக் கலங்கவைக்கிறது சிலந்திதான். போன வாரம் எங்கள் வயலில் குனிந்து ஒரு குத்து நெல்லைப் பிரித்து, தூரைக் கையால் தட்டிப் பார்த்தேன். ஏழெட்டுப் புகையான் தண்ணீரில் விழுந்து, விழுந்த வேகத்தில் பக்கவாட்டில் துள்ளின. அந்த நொடியே ஓநாய்ச் சிலந்தி ஒன்று தண்ணீர் மேலேயே ஓடி வந்து ஒன்றைக் கவ்விக்கொண்டது. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் ஒரு தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒரு தண்டுக்கு, இரண்டு புகையான் வரும்வரை மருந்தைத் தொடாதே, சிலந்தி இல்லாவிட்டால்தான் தூருக்கு ஒன்று கணக்கு என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது வெறும் எண் இல்லை. மருந்து சிலந்தியைக் கொல்கிறது, மிஞ்சிய பூச்சியைப் பிடிக்க ஆளில்லாமல் செய்கிறது. இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தது இந்தப் பூச்சியால்தான்.

சரி, மருந்தை விடு, தாங்கும் ரகம் போட்டால் தீராதா என்று கேட்பாய். பிலிப்பைன்ஸில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் 1973-இல் ஐ.ஆர்.26 கொடுத்தது. அதன் பெற்றோரில் ஒன்று திருவள்ளூர்ப் பக்கத்து டி.கே.எம்.6, நம் நெல்! புகையான் அதைத் தொட முடியவில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் தொட்டது. நமக்கு ஐந்தாறு போகம், அதற்கு முப்பது தலைமுறை. அந்த ரகத்தில் சாறு உறிஞ்சத் தெரிந்த அபூர்வமான சிலவும் கூட்டத்தில் முன்பே இருந்திருக்கின்றன. லட்சக்கணக்கான ஏக்கரில் ஒரே ரகம் என்றால், அந்தச் சிலவற்றுக்கு மட்டும் விருந்து வைத்த மாதிரி. 1976-இல் வேறொரு மரபணுவோடு ஐ.ஆர்.36 வந்தது, உலகில் 1 கோடி ஹெக்டேருக்கு மேல் பரவியது. அதே மரபணுவை எங்கள் அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி.7-இலும் கண்டிருக்கிறார்கள். இந்த ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும்.

அந்த ஐ.ஆர்.36-க்குள் ஒரு காட்டு நெல்லின் ரத்தமும் ஓடுகிறது. புகையான் பரப்பும் குட்டை நோய் ஒன்றுக்குத் தாங்கும் நெல்லைத் தேடி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளைச் சோதித்தார்கள். உத்தரப்பிரதேசத்தில் கிடைத்த ஒரே ஒரு காட்டு நெல் தாங்கியது. யாராவது அதைக் களை என்று அழித்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதனால்தான் உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை நாலு தடவை படித்தேன். கருகிய வட்டத்துக்குள் நாலு குத்து மட்டும் பச்சையாக நிற்கிறது, தாள் கொஞ்சம் உயரம், வேறு ரக விதை கலந்து முளைத்த கலவன் போல இருக்கிறது, பிடுங்கிவிடலாம் என்றிருக்கிறேன் என்கிறாய். பிடுங்காதே! பூச்சி கண்ணில் படாமல் தப்பியிருக்கலாம், அதையும் மறுக்கவில்லை. ஆனால் சோதித்துப் பார்க்காமல் தூக்கி எறிய மனசு வரவில்லை. கதிர் முற்றியதும் நாலையும் தனித்தனியாக அறுத்து, தனித்தனித் துணியில் முடிந்து, ஒன்று இரண்டு என்று எண் போட்டு வை. ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. அந்த பி.பி.டி.யிலும் ஒரு பிடி வேண்டும், சாகிற நெல் பக்கத்தில் இருந்தால்தான் தாங்குகிற நெல் எது என்று தெரியும். வீட்டு மாடியில் தட்டில் விதைத்து, கொசுவலை கட்டி, உள்ளே புகையானை விட்டுப் பார்க்கலாம். ஆராய்ச்சி நிலையத்திலும் ஏறக்குறைய இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

மிச்சப் பயிருக்கு உடனே தண்ணீரை வடி. யூரியா இனி வேண்டாம். அடுத்த நடவில் எட்டடிக்கு ஒரு அடி நடாமல் பட்டம் விடு. வெயிலும் காற்றும் தூருக்குப் போகட்டும்.

மாட்டுப் பொங்கல் கழிந்த மறுவாரம் நான் ரயிலேறுகிறேன். தங்கச்சிக்கு ஒரு போத்தல் தைலம் எடுத்து வருகிறேன். அதற்குள் உன் பக்கம் அறுவடை மெஷின் இறங்கிவிடுமோ என்றுதான் எனக்குக் கவலை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்த நாலு குத்திலும் சிவப்புத் துணி ஒன்று கட்டி, டிரைவரிடமும் சொல்லி வை.

உன்
சுடலைமுத்து