அந்தப் பதிவை அழிக்காதே, தாயி

அன்புள்ள தாயி,

அழகர் வைகை ஆற்றில் இறங்குவதை நீ வரைந்தாயே, அந்தப் படத்தை நம் சொந்தபந்தம் மொத்தமும் மெச்சித் தீர்த்துவிட்டது. நான் கேட்பது வேறு. அந்தப் படம் உருவானதை ஐபேடில் ஓட்டிக் காட்டினாயே, அந்த வீடியோவையும் போடு. “அதெல்லாம் யாரு மாமா பாப்பா? பாதி நேரம் அழிச்சுக்கிட்டேதான இருக்கேன்” என்றாய். நீ அழிப்பதைப் பார்க்கத்தான் கேட்கிறேன். முடிந்த படத்தை மட்டும் போட்டுவிட்டு, வரைந்த வழியை மறைத்துவிடுகிற பிள்ளைகள் உன்னைப்போல நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால்தான் உன் பேரைச் சொல்லாமல், எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

அந்த வீடியோவில் முதலில் வெறும் சாம்பல் நிறத் திரை. அகலப் பிரஷ்ஷில் கறுப்பும் வெளுப்புமாக நாலைந்து திட்டுகள் விழுந்தன. எது குதிரை, எது ஆற்று மணல் என்று புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் நட்டநடுவில் அழகர் பெரிதாக எழுந்தார். குதிரையின் கழுத்து, பிடரி, சேணம் எல்லாம் ஒவ்வொன்றாகத் துலங்கின. படம் முடிந்தது என்றே நினைத்தேன். அப்போது படத்தை இடம்வலமாகத் திருப்பினாய். மறுபடியும் திருப்பினாய். அடுத்த நொடி அழகரை அப்படியே வளைத்துப் பிடித்து, பாதியாகச் சுருக்கி, மேலே தள்ளிவிட்டாய்! இவ்வளவு வேலை செய்ததைக் கெடுக்கிறாளே என்று பதறினேன். கீழே காலியான இடமெல்லாம் தலைகள் முளைத்தன. ஓரத்தில் துருத்தி பிடித்துத் தண்ணீர் பீய்ச்சுகிற ஒருத்தர், அவருடைய முதுகு மட்டும். அந்தத் தண்ணீர் வளைந்து மேலே போய் விளக்கு வெளிச்சத்தில் உடைந்து சிதறியது. அழகர் சிறுத்த பிறகுதான், வைகைக்குள் நெரிசலில் எக்கி நின்று பார்க்கிற சனத்தின் கண்ணுக்கு அவர் எப்படித் தெரிவாரோ அப்படித் தெரிந்தார்.

முடிந்த படத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. அழகர் ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்தார் என்று நினைத்துக்கொள்வார்.

அப்புறம் அந்தப் பச்சை. அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்று ஊரே காத்துக் கிடக்கும், பச்சை என்றால் அந்த வருசம் விளைச்சல் செழிக்கும் என்பது நம்பிக்கை. நீயோ கடைசிவரை அந்தப் பட்டுக்கு நிறமே கொடுக்கவில்லை. வெளிச்சமும் இருட்டும் சரியாக உட்காருகிற வரை எல்லாமே கறுப்பு வெளுப்புதான். பிறகு அதன் மேல் கண்ணாடித் தாள் விரித்த மாதிரி தனியாக ஒரு லேயர் திறந்து ஒரே இழுப்பில் பச்சையை ஓட்டினாய். அடியில் இருந்த மடிப்புகள் அப்படியே பட்டின் மடிப்பாக மாறின. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இப்படி நின்று பார்ப்பது நம் மதுரைக்குப் புதிதில்லை. தியேட்டர் பேனரைக் கையால் வரைந்த காலத்தில், சின்ன ஸ்டில் படத்தில் கட்டம் போட்டு, பெரிய துணியிலும் அதே கணக்கில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக முகத்தைப் பெரிதாக்குவார்கள். கிட்டே நின்றால் ரோஸும் நீலமும் வெறும் திட்டாகத் தெரியும். எட்டப் போனால் கன்னம். அதைப் பார்க்கப் போகிறவர் வருகிறவரெல்லாம் நிற்பார்கள். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு படம் மெஷினிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்து இறங்குகிறது. வரைகிற கை நம் கண்ணைவிட்டுப் போய்விட்டது. விளாச்சேரிப் பக்கம் போனால் இன்றும் மண்பொம்மைக்கு வர்ணம் பூசுவதைப் பார்க்கலாம்தான், ஆனால் ஊரில் எத்தனை பேருக்கு அது வாய்க்கிறது? அந்தக் கையை எனக்குத் திருப்பிக் கொடுத்தது இந்த வீடியோக்கள்தான். அதனால்தான் ராத்திரி ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று பார்க்கிறேன். பொழுதுபோக்கு என்று உங்கம்மா சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹாக்னியை உனக்குத் தெரிந்திருக்கும். 2010இல் பாரிஸில் ஐபோனிலும் ஐபேடிலும் வரைந்த பூக்களைக் கண்காட்சியாக வைத்தார். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். அவ்வளவு பெரிய ஓவியர், படங்கள் கோடு கோடாக உருவாவதையும் அங்கே திரையில் ஓடவிட்டார். நீ எதற்குக் கூச்சப்படுகிறாய்?

ஒரு குறை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். நீ வரைகிற புரோக்ரியேட் ஆப், உன் கை திரையில் செய்வதைத்தான் பதிகிறது. பென்சிலை எடுத்துவிட்டு, அழகரைச் சுருக்கலாமா வேண்டாமா என்று நீ வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அதில் ஏறாது. மிச்சம் இருப்பதும் பல மடங்கு வேகத்தில் ஓடுகிறது. புதிதாக வரையத் தொடங்குகிற ஒரு பையன் அதைப் பார்த்து, “நமக்கெல்லாம் இது வராது” என்று ஒதுங்கிவிடக் கூடும். அதனால் கீழே இரண்டு வரி எழுது. மொத்தம் எத்தனை மணி நேரம் ஆனது, எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றாய், அவ்வளவு போதும். பாட்டு எதுவும் சேர்க்காதே, பார்க்கிறவன் கவனம் தாளத்துக்குப் போய்விடும்.

30 நொடிக்குச் சுருக்கித் தருகிற வசதியைத் தொடாதே, முழு நீளத்தையும் போடு. டைம்லாப்ஸ் என்று ஆப் தானாக எடுக்கிற அந்த வீடியோப் பதிவை நிறுத்தப் போனால் ஏற்கெனவே பதிந்ததை நீக்கவா என்று கேட்கும். அங்கே அவசரப்பட்டு விரலை வைத்துவிடாதே. தெப்பக்குளத்தை வரைந்தாயே, அதை போட்டோஷாப்பில் திறக்கிற பிஎஸ்டி கோப்பாக மாற்றி வைத்திருந்தால் அந்தக் கோப்பில் வீடியோ இருக்காது. ஆப்பில் மூலப்படம் இன்னும் கிடக்கிறதா என்று தேடிப் பார். மைய மண்டபத்தின் நிழலைத் தண்ணீரில் முதலில் போட்டாயா, மண்டபத்தையே முதலில் போட்டாயா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா