மும்பையிலிருந்து அப்பாவுக்கு

செம்பூர், மும்பை
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? போனில் நீங்கள் என் வேலையைப் பற்றிக் கேட்டபோது பக்கத்தில் ஆள் இருந்தார்கள், அதனால் "நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டேன். இப்போது விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியை ஜெர்மன்காரர்கள் வாங்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை எல்லாரையும் கேன்டீனில் கூட்டி ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார்கள். சேர்ந்த தேதி, சம்பளம், கீழே "பழைய சர்வீஸ் அப்படியே தொடரும்" என்று ஒரு வரி. உங்கள் மில் கைமாறியபோது பழைய சர்வீஸைக் கழித்துவிட்டு உங்களைப் புது ஆளாக எழுதிக்கொண்டார்களே, அந்தப் பயத்தில்தான் கேட்டீர்கள் என்று தெரியும். இங்கே அவர்கள் வாங்கியது பங்குகளை. கம்பெனி அதேதான், முதலாளிதான் வேறு. என் 11 வருஷமும் கணக்கில் நிற்கும். வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்று கிராஜுட்டியும் முதல் நாளிலிருந்தே வரும். அம்மாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள்.

நாங்கள் தயாரிக்கும் மருந்துகளின் பெயர்தான் என்னாகுமோ. 1993-ல் இந்த ஊர்க்காரர் ரமேஷ் சௌஹான் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் என்ற குளிர்பானப் பெயர்களை எல்லாம் கோகோ கோலாவுக்கு விற்றார். தம்ஸ் அப் இன்னும் ஓடுகிறது. உங்களுக்குப் பிடித்த கோல்ட் ஸ்பாட் கடையை விட்டே போய்விட்டது.

ஆனால் என் மனசு கிடந்து அடித்துக்கொள்வது மௌஷிக்காக. லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர், 14 வருஷமாக. இங்கே சித்தியை மௌஷி என்பார்கள். நான் வந்த புதிதில் இந்தியும் தெரியாமல் மராத்தியும் தெரியாமல் நின்றபோது, துர்பே ஸ்டேஷனில் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பதிலிருந்து சொல்லிக்கொடுத்தவர். பியூரெட் என்கிற நீளமான அளவுக் கண்ணாடிக் குழாயைக் கழுவியதும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தண்ணீர் ஒரே படலமாக வழுக்கி இறங்க வேண்டும். எங்காவது ஒரு துளி ஒட்டி நின்றால் உள்ளே பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி கழுவுவார். என் சோதனை முடிவுகள் சரியாக வருவதில் பாதி அவர் கை.

அவருக்குக் கடிதம் இல்லை. காண்ட்ராக்ட் ஆட்கள் யாருக்குமே இல்லை. கேன்டீன் வாசலில் நின்று என் கையிலிருந்த உறையைப் பார்த்து, "மலா பண் மிளேல் கா?" என்றார். எனக்கும் கிடைக்குமா என்று. என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அப்பா.

நேற்று அவர் வீட்டுக்குப் போய், போனில் பி.எஃப். கணக்கைத் திறந்து பார்த்தோம். இதுவரை மூன்று காண்ட்ராக்டர் மாறியிருக்கிறார்கள். நடுவில் இருந்தவர் கட்டியதாக ஒரு மாசம்கூட இல்லை, சம்பளத்தில் மட்டும் பிடித்திருக்கிறார். காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் வேலை வாங்கிய கம்பெனிதான் பொறுப்பு என்று பி.எஃப். சட்டத்தில் இருக்கிறது. யார் கைக்குப் போனாலும் கம்பெனி அதே கம்பெனி என்று எனக்குச் சொன்னார்களே, அந்தச் சொல் மௌஷிக்கும் பொருந்தத்தானே வேண்டும்? செவ்வாய்க்கிழமை லீவு போட்டு அவரைக் கூட்டிக்கொண்டு பி.எஃப். ஆபீஸுக்குப் போகிறேன். பழைய சம்பளச் சீட்டுகளை அரிசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார், அத்தனையையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மில் விவகாரத்தில் யூனியன்காரர்கள் மனு எழுதிக்கொடுத்தார்களே, அதன் நகல் டிரங்குப் பெட்டியில் இருந்தால் தம்பியிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எப்படி ஆரம்பித்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

அன்பு மகள்