செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: முதுகுவலிப் பயிற்சிக் குழு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்கத்தின் மூத்த உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நூலகம், கண் பரிசோதனை முகாம், பொங்கல் விழா எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கு விவரம் பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது. செவ்வாய், வெள்ளி காலை 6.30 மணிக்குக் கூடும் முதுகுவலிப் பயிற்சிக் குழுவைப் பற்றித்தான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வயதினரை வீட்டுக்குள் முடக்குவதில் இடுப்பு வலிக்கு ஈடாக வேறொன்று இல்லை. அதைவிடக் கவலை தருவது, அதற்காக விழுங்கும் மாத்திரைகள்.

குழுவில் சேர வருவோர் முதலில் நீட்டுவது எம்.ஆர்.ஐ. படத்தை. “டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை) பிதுங்கியிருக்கு, அசையவே கூடாது” என்ற பயத்தோடு வருகிறார்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானமும் 84 சதவீதம் பேருக்குப் பிதுக்கமும் இருந்தன. ஆகவே நம் பிசியோதெரபிஸ்ட் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து காட்டச் சொல்கிறார். அதில் தெரிவதுதான் சிகிச்சைக்கு உதவுகிறது.

ஆனால் சில அறிகுறிகள் இருந்தால் பயிற்சி கிடையாது, நேரே மருத்துவரிடம்தான். சிறுநீர் திடீரெனக் கட்டிக்கொள்வது, உட்காரும் பகுதி மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது ஆகியவை தெரிந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் தணியாத இரவு வலி, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. நம் ஊரில் முதுகெலும்புக் காசநோயையும் நினைவில் வைக்க வேண்டும். வழுக்கி உட்கார்ந்த பிறகு சட்டென்று பிடித்த வலி, எலும்பு நொறுங்கியதால் வந்ததாக இருக்கலாம்.

எழுந்து உட்காரும் பயிற்சிதான் குழுவின் முதுகெலும்பு. 45 செ.மீ. உயர நாற்காலி, பின்புறம் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, இரண்டு எண்ணுவதற்குள் எழுந்து, நான்கு எண்ணி மெல்ல உட்கார வேண்டும். 8 முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 8 முறை. தொப்பென்று உட்கார்ந்தால் பயன் பாதி போய்விடும், ஏனென்றால் மெல்ல இறங்கும்போதும் தொடை உழைக்கிறது. மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். அதனால்தான் சத்தமாக எண்ணச் சொல்கிறோம். எழ முடியாதவர்கள் நாற்காலியில் ஜமக்காளத்தை மடித்துப் போட்டு உயர்த்திக்கொள்ளலாம். 12 முறை சிரமமில்லாமல் வந்ததும் ஜமக்காளத்தை எடுத்துவிடலாம்.

இடுப்பைத் தூக்கும் பயிற்சியைத் தரையில் செய்யாமல் கட்டிலிலேயே செய்யலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, இடுப்பை உயர்த்தி 5 விநாடி நிறுத்தி இறக்க வேண்டும், 8 முறை. பின்தொடையில் சதை இழுத்துப் பிடித்தால் பாதம் தள்ளி இருக்கிறது என்று பொருள். குதிகாலை உட்பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது 10 முறை. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு வர வேண்டாம்.

எவ்வளவு வலியைப் பொறுக்கலாம் என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. பத்துக்கு நான்கு வரை வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் தொடரலாம். திரும்பாவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும், நிறுத்தத் தேவையில்லை.

பயிற்சிகளை ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் கொடுக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். செயற்குழு மறுத்ததற்குக் காரணம் இருக்கிறது. தண்டுவடப் பாதை குறுகியவர்களுக்கு நின்றால், நடந்தால் கால் மரக்கும். உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால் விட்டுவிடும். சைக்கிள் மிதித்தால் இவர்களுக்கு வலிப்பதில்லை. முழங்காலை மார்போடு அணைக்கும் பயிற்சி இவர்களுக்கு இதமானது. அதே பயிற்சி, எலும்பு மெலிந்து முதுகெலும்பு நொறுங்கியவருக்கு இன்னொரு எலும்பை நொறுக்கிவிடக்கூடும். அதனால் ஆளுக்கொரு அட்டை, அதில் அவரவர் பயிற்சி மட்டும்.

நடையை இந்த ஆண்டு தீவிரமாக எடுத்துக்கொண்டோம். ஆஸ்திரேலியாவில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், முதுகுவலி தீர்ந்தவர்களில் படிப்படியாக நடைப்பயிற்சி பெற்றவர்களுக்கு வலி திரும்பச் சராசரியாக 208 நாள் ஆனது. பெறாதவர்களுக்கு 112 நாள். வாரம் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் என்பது ஆறு மாதத்தில் எட்ட வேண்டிய இலக்கு, முதல் நாள் இலக்கு அல்ல. பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். கடற்கரை மணல் வேண்டாம், கால் புதையும். அக்னி நட்சத்திரத்தின்போது ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நடைபாதைப் பள்ளம் தண்ணீருக்குள் மறைந்துவிடுவதால் மண்டபத் தாழ்வாரத்திலேயே நடந்தோம்.

இனி மருந்து. மாதம் ஒருமுறை வரும் முதியோர் நல மருத்துவர், வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறார். அந்தப் பைகளில்தான் ஆபத்து இருக்கிறது. அசிக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து 100 மி.கி.யும் பாராசிட்டமால் 325 மி.கி.யும் சேர்ந்த மாத்திரையை இரண்டு வேளை போட்டுக்கொண்டு, அது போதாதென்று 650 மி.கி. பாராசிட்டமால் உள்ள டோலோ 650-ஐ நான்கு வேளை போட்டால் பாராசிட்டமால் மட்டும் 3,250 மி.கி. ஆகிறது. முதியோர் 3 கிராமைத் தாண்டக் கூடாது, மெலிந்தவர்களுக்கு இன்னும் குறைவு என்பது அவர் அறிவுரை.

அதைவிடப் பெரிய ஆபத்து சிறுநீரகத்துக்கு. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சேர்த்து எடுப்பவர்கள் நம்மில் பலர். நீர் மாத்திரை உடலின் நீரைக் குறைக்கிறது. டெல்மிசார்டன் சிறுநீரக வடிகட்டியிலிருந்து வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை உள்ளே வரும் குழாயைச் சுருக்குகிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தமே இருக்காது. மே மாத வியர்வையோ ஒருநாள் வயிற்றுப்போக்கோ போதும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறிவிடும். இதய நோய்க்காக ஆஸ்பிரினோ குளோபிடோகிரெலோ எடுப்பவர்களுக்கு வயிற்றில் ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. எனவே மருந்துக்கடையில் “இடுப்பு வலிக்கு ஏதாவது கொடுங்க” என்று கேட்பதை நாம் அடியோடு விட வேண்டும். மருத்துவர் எழுதித் தந்தால் குறைந்த அளவில், சில நாட்களுக்கு மட்டும், சாப்பிட்ட பின் எடுக்கலாம். வலி தணியும் அந்த நாட்களில் பயிற்சியைத் தொடங்குவதற்காகத்தான் அந்த மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு படுத்தே கிடந்தால் மாத்திரையும் வீண், நாளும் வீண்.

பிரிகாபலின் காலில் இறங்கும் நரம்பு வலிக்குப் பரவலாகத் தரப்படுகிறது. 2017-இல் வெளியான சோதனையில் அது மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட அதிகமாக வலியைக் குறைக்கவில்லை, தலைச்சுற்றலைத்தான் கூட்டியது. தசை தளர்த்தும் மருந்தும், டிரமடால் என்ற வீரியமான வலி மருந்தும் இரவில் கழிவறைக்கு எழும்போது தள்ளாட வைக்கும். ஏற்கெனவே நீண்டநாள் எடுப்பவர்கள் திடீரென நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்படி குறைக்க வேண்டும். பெயரில்லாத பொடிப் பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். இரண்டே நாளில் வலி பறந்தால் சந்தேகப்படுங்கள். சர்க்கரை ஏறும், எலும்பு கரையும்.

இடுப்பு பெல்ட், ட்ராக்ஷன் (முதுகை இழுத்து வைப்பது), கரன்ட் வைப்பது ஆகியவற்றை நாள்பட்ட வலிக்கு வழக்கமாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. ஓய்வூதியப் பணத்தை அவற்றில் கரைக்காதீர்கள்.

கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனைக்கும், கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்துக்கும் செல்ல விரும்புவோர் சங்க அலுவலகத்தில் வழி கேட்டுக்கொள்ளலாம். வெளியே வர இயலாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள்.

ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். ஆறாவது வாரத்தில் வலி சற்றுக் குறைந்ததும் பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். தசை உரமேற மூன்று மாதமாவது ஆகும். வராதவர்களை அடுத்த நாளே தொலைபேசியில் அழைக்க வரும் ஆண்டில் இருவர் பொறுப்பேற்க வேண்டும்.

இப்போதுள்ள பிளாஸ்டிக் நாற்காலிகள் மொசைக் தரையில் வழுக்குகின்றன. கைப்பிடியுள்ள மர நாற்காலிகள் வாங்கவும், மண்டபப் படியில் இருபுறமும் கைப்பிடிக் கம்பி பொருத்தவும் செயற்குழு பரிந்துரைத்துள்ளது. இவ்விரண்டையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்