திகோச்சின் ஊர்க்காரங்களுக்கு மனசார நன்றி

முதல் நன்றி திகோச்சின் சினகாக் (யூதர்களோட கோயில்) மியூசியத்துல டிக்கெட் குடுக்கற அம்மாவுக்குத்தான். போலந்துல பியாவிஸ்டோக்ல இருந்து பஸ் பிடிச்சா வந்துடற சின்ன ஊர் இது, நான் யூதனும் இல்ல போலிஷ்காரனும் இல்ல, வார்சால வேலை பாக்கற வெளிநாட்டுக்காரன், ஆனா உனக்கெதுக்கு இதெல்லாம்னு ஒரு வார்த்தை கேக்காம கூடவே வந்து ஒவ்வொரு சுவரா காமிச்சாங்க. 1642ல கட்டினது. நடுவுல நாலு பெரிய தூண், அதுங்களுக்கு நடுவுல தோரா, அதாவது யூதர்களோட வேதம், வாசிக்கற மேடை, சுத்தி சுவர் பூரா ஹீப்ரூல பிரார்த்தனை, புத்தகம் வாங்க வசதி இல்லாதவங்க சுவரைப் பாத்தே படிச்சுப்பாங்களாம். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் இந்த இடத்துல உர மூட்டை அடுக்கி வச்சிருந்தாங்கன்னு சொன்னா நம்பவே முடியல. 70கள்ல இதை சீர் பண்ணி 1977ல மியூசியமா திறந்தாங்களே, அவங்க ஒவ்வொருத்தருக்கும் கும்பிடு போடணும்.

அடுத்து சந்தை மைதானத்துல பெஞ்ச்ல உக்காந்து ஊர் கதையெல்லாம் சொன்ன தாத்தாவுக்கு. நரேவ் ஆத்துல தானியமும் மரமும் மிதந்து போய் விஸ்துலா ஆறு வழியா க்டான்ஸ்க் துறைமுகம் வரைக்கும் வியாபாரம் நடந்த ஊர் இது, 1425லயே நகர உரிமை, 1522ல ஊரை வச்சிருந்த பிரபு பத்து யூதக் குடும்பத்தை வரவழைச்சு குடியேத்தினார், ஒரு காலத்துல பியாவிஸ்டோக் யூதர்களே இந்த ஊர் யூத சபைக்குக் கீழதான் இருந்தாங்க! அப்புறம் 1862ல வார்சா - பீட்டர்ஸ்பர்க் ரயில் பாதை பியாவிஸ்டோக் வழியா போச்சு, வியாபாரமும் அங்கயே போயிடுச்சு. 1950ல நகரம்ங்கற அந்தஸ்தே போய் 1993லதான் திரும்பக் கிடைச்சுது. ரயில் வராததாலதான் 1763ல வச்ச போலிஷ் தளபதி சார்னியெட்ஸ்கி சிலை, மரவீடுங்க எல்லாம் இன்னும் அப்படியே நிக்குதுன்னு எனக்குத் தோணுது.

தாத்தா குரல் மாறினது ஒரே இடத்துலதான். 1941 ஆகஸ்ட் 25 காலைல யூதர்களை இதே மைதானத்துக்கு வரச்சொல்லி, அன்னிக்கும் மறுநாளும் வொபுஹோவோ காட்டுக்குக் கொண்டுபோய் ஜெர்மன்காரங்க சுட்டுக் கொன்னாங்க, ஆயிரத்துக்கும் மேல பேர், ஏறக்குறைய பாதி ஊரு. தாத்தா தன்னோட அம்மா சொல்லக் கேட்டதைச் சொன்னார், நான் இடையில எதுவும் கேக்கல.

அந்தக் காட்டுக்கு தன் கார்லயே கூட்டிட்டுப் போன தம்பதிக்கும், பெட்ரோலுக்குக் காசு வாங்க மறுத்ததுக்கும் நன்றி. குழிங்களைச் சுத்தி வேலி, கல்லு மேல யாரோ வச்சுட்டுப் போன கூழாங்கல்லு, மெழுகுவத்தி. கொல்லப்பட்டவங்களுக்கு சொந்தபந்தம்னு யாரும் ஊர்ல மிஞ்சல, ஆனா வழி கேட்டா எல்லாரும் கை காட்டறாங்க, மறக்க விடமாட்டேங்கறாங்க, அதுக்குத்தான் இவ்ளோ பெருசா எழுதறேன்.

சினகாக் பக்கத்துல உருளைக்கிழங்கு கூகெல் (அடுப்புல சுட்ட யூத பலகாரம்) சூடா குடுத்து கடைசி பஸ் டைமையும் பேப்பர்ல எழுதிக் குடுத்த தங்கச்சிக்கும், தாத்தா பேசினதை எல்லாம் போன்லயே பொறுமையா மொழிபெயர்த்த என் ஆபீஸ் நண்பனுக்கும் நன்றி. பழைய யூத இடுகாட்டுல புல்லுக்குள்ள பாதி புதைஞ்சு கிடக்கற கல்லுங்களை எடுத்த போட்டோ எல்லாத்தையும் மியூசியத்துக்கு அனுப்பிட்டேன், அதுல இருக்கற ஹீப்ரூ எழுத்து படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கேளுங்க, பெரிய சைஸ்லயே அனுப்பறேன்.