இடது காது

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. தப்புதான். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பாலு வழக்கம்போலத்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு ராத்திரி கேங் ஆஃப் ஃபோர் ராக் குழுவின் 'எண்டர்டெயின்மென்ட்!' ஆல்பத்தை ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசிப் பாட்டு 'ஆந்த்ராக்ஸ்'. ஒரு பக்கம் ஜான் கிங் பாடுவார். அதே நேரத்தில் மறுபக்கம் கிட்டார்காரர் ஆண்டி கில், எல்லோரும் ஏன் காதலையே பாடுகிறார்கள் என்று செய்தி வாசிப்பதுபோலப் பேசிக்கொண்டிருப்பார். அன்று இடது பக்கக் குரலில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. வெறும் முணுமுணுப்பு. ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். அந்தக் குரல் தெளிந்தது, மற்றது மங்கியது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

மறுநாளே போய்ச் சோதித்தேன். இடது காதில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது கீச்சு ஒலிகளில், பெரிய சரிவு. உயிரெழுத்து கேட்கும், ஸ், ஃப் மாதிரி மெய்யெழுத்துகள் நழுவிவிடும் என்றார் சோதித்த பெண். போனது திரும்பாதாம்.

விடுதியில் நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? நீ ஜாய் டிவிஷன் குழுவின் பக்கம், நான் கேங் ஆஃப் ஃபோர் பக்கம். இரண்டு பேரின் முதல் ஆல்பமும் 1979தான். ஒன்று மான்செஸ்டர், ஒன்று லீட்ஸ். கில்லின் கிட்டார் நீண்டு ஒலிக்காது. கண்ணாடிச் சில்லு மாதிரி வெட்டிவிட்டு நின்றுவிடும். அந்த இடைவெளியில் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் ஆடும். ராக் கிட்டாரில் அதைவிடத் துணிச்சலான வேலை இல்லை என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அந்தச் சில்லின் கூர்மைதான் இப்போது எனக்குப் பாதி வருகிறது.

உன் ஆட்களைக் 'கிணற்றுக்குள் பாடுகிறவர்கள்' என்று கிண்டல் செய்வேனே! 'அன்னோன் ப்ளெஷர்ஸ்' ஆல்பத்துக்கு தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானட் கொடுத்த அந்த இருட்டு ஒலி, குழுவில் பேஸ் வாசித்த பீட்டர் ஹுக்குக்கும் கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னருக்குமே அப்போது பிடிக்கவில்லை. சம்னரின் ஆம்ப்ளிஃபையர் சத்தத்தில் தன் வாசிப்பே காதில் விழாமல்தான் ஹுக் பேஸின் மேல் ஸ்வரங்களுக்கு ஏறினார். தன் காதுக்கு எட்டுவதற்காக அவர் ஏறிய இடம், இன்று என் காதுக்கும் எட்டுகிறது. 'ஷி'ஸ் லாஸ்ட் கண்ட்ரோல்' பாட்டின் பேஸ் சேதாரமில்லாமல் அப்படியே வருகிறது, சேகர். ஒரு வாரமாக அதையேதான் போட்டுக்கொண்டிருக்கிறேன். நீ ஜெயித்தாய் என்று குதிக்காதே, கில்லை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒன்று உறுத்துகிறது. ஜாய் டிவிஷன் பாடகர் இயன் கர்டிஸ் வலிப்பு நோயோடு அந்தப் பாட்டைப் பாடினார். 1980 மே மாதம், 23 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். என்ன கவிதை என்று மெய்மறந்து கேட்டோமே தவிர, அந்த ஆள் என்ன பாடுபட்டிருப்பார் என்று ஒரு ராத்திரிகூட நாம் பேசியதில்லை.

அப்புறம், கல்லூரிக் கச்சேரிகளில் ஸ்பீக்கரை ஒட்டி நின்றது நான் மட்டும் இல்லை. எனக்கு இடப்பக்கம் நீ நின்றாய். இந்த மாதத்துக்குள் காதைச் சோதித்துவிடு, தள்ளிப்போடாதே. அந்த ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
ரவி